அங்கம்மா ஓடமாட்டாள்

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு வெளியே எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. லைன் கிடைக்கிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "நீ அங்கம்மா பொண்ணு பூங்காவனம்தானே? உங்கம்மா கோயில்லயே நின்னுகினு சாமிய திட்னாங்களாமே, மெய்யாலுமா?" என்று ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் என் அம்மாவை நாத்திகக் கட்சி என்பார். இன்னொருத்தர் அன்றைக்கு அவள் மேல் அம்மனே இறங்கிப் பேசினாள் என்பார். இரண்டும் பொய். எனக்குக் கோபம்தான் வருகிறது. என்ன நடந்தது என்று நானே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் யாரும் என்னிடம் வந்து நோண்டக்கூடாது.

அம்மா பிறந்தது வெள்ளானூரில். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கழனியிலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த கொஞ்ச வருஷத்தில் கழனியிலெல்லாம் கல் நட்டு மனை போட ஆரம்பித்தார்கள். நடவுக்குக் கூப்பிட ஆள் இல்லை. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் மண் சலிக்கப் போனாள். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு அச்சு எடுப்பார்களே, அந்தக் கறுப்பு மண்ணை நாள் முழுக்கச் சல்லடையில் போட்டு ஆட்டுகிற வேலை. கொஞ்ச நாள்கூடத் தாங்கமாட்டாள் என்றார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். என் அப்பா வேம்புலி ஆவடியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறார். அம்மா எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்பார். பாவம், வேறு என்ன செய்வார்.

அம்மா சரியான ஓட்டக்காரி. காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுவாள். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு முதல் ஆளாக ஓடுவாள். என்னை எவனாவது நொண்டி என்று சொல்லிவிட்டால் செருப்பைக் கழற்றிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் துரத்துவாள். தீயில் மட்டும் ஓடமாட்டாள். இந்தச் சண்டையெல்லாம் அதனால் வந்ததுதான்.

எங்கள் தெருமுனையில் களத்துமேட்டு எல்லையம்மன் கோயில். ஆடி மாசம் தீமிதி. பூசாரி கன்னியப்பன் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார், அதுதான் காப்பு. காப்பு கட்டாதவர்கள் தீயில் இறங்க முடியாது. கட்டிய நாளிலிருந்து கறி மீன் கிடையாது, பாயில் படுக்கக்கூடாது, யாரையும் திட்டக்கூடாது. இந்தக் கடைசி விரதம்தான் அம்மாவுக்குக் கஷ்டம். தீமிதி அன்றைக்கு மஞ்சள் புடவை கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு, தணல் பரப்பிய குழியில் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏற வேண்டும். ஏறுகிற இடத்தில் பால் ஊற்றிய சின்னப் பள்ளம் இருக்கும், அதில் காலை வைத்துவிட்டு அம்மன் எதிரில் போய் விழுவார்கள். எல்லாரும் ஓடித்தான் கடப்பார்கள். அம்மா மட்டும் வரப்பு மேல் போகிறவள் மாதிரி நடந்து வருவாள்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சுத்தமாக இருந்தவர்கள் கால் வேகாது, வெந்தால் விரதத்தில் ஏதோ கோளாறு என்பார்கள். அதனால் எங்கள் ஊரில் யார் காலும் வேகாது! ஆனால் தீமிதிக்கு மறுநாள் மருந்துக்கடையில் தீப்புண்ணுக்குத் தடவுகிற பர்னால் தீர்ந்துபோகும். கேட்டால் குழந்தை மேல் வெந்நீர் பட்டது என்பார்கள், கையில் எண்ணெய் தெறித்தது என்பார்கள். கடைக்கார ஜேசுராஜ் அண்ணன் ஒன்றும் கேட்கமாட்டார். ஆடி பிறக்கிறதற்கு முன்னாலேயே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைத்துவிடுவார்.

எண்பத்தேழாம் வருஷம் மனை விற்றுக் காசு பார்த்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு விறகு அனுப்பினார்கள். தணல் என்றைக்கும் இல்லாத கனம். அம்மா வழக்கம்போல நடந்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. மற்றவர்களாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருப்பார்கள். என் அம்மா தெருக்குழாயடியில் கல் மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, ஊரே பார்க்கப் பர்னால் தடவிக்கொண்டிருந்தாள்.

கோயில் கமிட்டித் தலைவர் துலுக்கானம் அந்தப் பக்கம் வந்தார். மனை புரோக்கர். கழுத்தில் உருத்திராட்சமும் சட்டைப்பையில் லேஅவுட் வரைபடமுமாக இருப்பார்.

"இன்னா அங்கம்மா, காலு இப்டி வெந்து கீது? வெரதத்துல இன்னா தப்பு பண்ணே?"

"மீன் கொழம்பு துன்னேன். நல்ல வஞ்சிரம். போவியா அண்ணாத்தே, பேசாம" என்றாள் அம்மா.

எரிச்சலில் சொன்ன பேச்சு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வஞ்சிரம் விற்கிற விலையில் நாங்கள் அதை மார்க்கெட்டில் பார்த்ததோடு சரி. துலுக்கானம் மாமா அதை அப்படியே மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

இனி வேலுசாமி அண்ணன். அவரைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆவடியில் தொழிற்சாலை வேலை, பி.எஸ்சி. படித்தவர். எனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது, போலியோ. பள்ளிக்கூடம் போகிற வயசிலும் தரையில் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலுசாமி அண்ணன்தான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலேறி, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, இரும்புக்கம்பி வைத்த பூட்ஸ் வாங்கி மாட்டிவிட்டார். நான் பிடிமானமில்லாமல் நின்ற முதல் நாள் அவர் அழுதார். அந்த மனுஷன் கண்திறப்பு மன்றம் என்று ஒன்று வைத்திருந்தார். மந்திரித்த தாயத்து, பேய் ஓட்டுகிறது, எல்லாவற்றையும் மேடை போட்டுத் தோலுரிப்பார். அவர் பேசினால் நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

மறுவருஷம் ஆடி பிறக்கிற சமயம். கோயிலுக்கு எதிரே இருந்த காலி மனையில் மன்றத்துக்காரர்கள் குழி வெட்டித் தணல் பரப்பினார்கள். மஞ்சளும் இல்லை, வேப்பிலையும் இல்லை. மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தணலில் ஓடிக் கடந்தார்கள். காலைத் தூக்கிக் காட்டினார்கள். கரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான், கொப்புளம் இல்லை. ஊர் வாயைப் பிளந்தது. நானும்தான் கைதட்டினேன்.

வேலுசாமி அண்ணன் மைக்கைப் பிடித்தார். "அடுப்புல கீற கரண்டியோட இரும்புக் காம்ப தொட்டா சுடும். அதுலயே மரக் கைப்பிடிய தொட்டா சுடாது. ஏன்? மரம் சூட்ட சட்டுனு கடத்தாது. கரியும் அப்டித்தான். வேகமா ஓடினா கால்ல சூடு ஏர்றதுக்குள்ள தாண்டிடலாம். இதுல சாமியும் இல்ல, வெரதமும் இல்ல. நாங்க கறி துன்னுட்டு ஓடினோம், வேகல. நம்ம அங்கம்மா அக்கா சுத்தமா வெரதம் இருந்தாங்க, வெந்துடுச்சி. இதோ முன்னால குந்திகினு கீதே அவங்க பொண்ணு, இத்த பாருங்க. எத்தினி வருசமா இந்தக் காலுக்காக அந்தம்மா தீ மெதிக்கிறாங்க. கால் வந்துச்சா? இதவிட இன்னா அத்தாட்சி வோணும்?"

எல்லாத் தலையும் என் காலைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கோபம். என் கால் என் கால், மேடையில் மாட்டி வைத்துக் காட்டுகிற படம் இல்லை. பாதிக் கூட்டத்தில் எழுந்து, டக் டக் என்று இரும்புச் சத்தம் ஊருக்கே கேட்க, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே அவரும் வந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, உங்கள நிறுத்தச் சொல்லல. நடந்தே தீருவேன்னா ஓடிடுங்க. ஓடினா வேகாது. நீங்க மெதுவா நடக்கறதாலதான் வேவுது."

"தெரியும் தம்பி" என்றாள் அம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"தெரிஞ்சுமா? அப்பால ஏன் ஓடல?"

"ஓடறதுக்கு அங்க இன்னா ரயிலா வந்துச்சி?"

அவருக்குச் சிரிப்பதா தலையிலடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்தக் கூட்டம் வேறொரு வேலையைச் செய்துவிட்டது. எதிர்மனையில் கறி தின்றவன் கால் வேகவில்லை, கோயிலில் விரதம் இருந்தவள் கால் வெந்தது என்று டீக்கடைவரை சிரிப்பு. கமிட்டிக்காரர்களுக்கு மானம் போய்விட்டது. வேலுசாமி அண்ணன் மேல் கை வைக்க முடியாது, பின்னால் தொழிற்சாலைச் சங்கம் இருந்தது. யார் மேல் வைக்கலாம்? அங்கம்மா மேல் வைக்கலாம். இந்த வருஷம் அங்கம்மாவுக்குக் காப்பு இல்லை என்று தெருவில் பேச்சு வந்தது. அம்மா காதிலும் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. என் நினைவு தெரிந்து அம்மா பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"உட்டுடேம்மா, ஒரு வருசம் இல்லாட்டி இன்னா?" என்றேன்.

"ஒரு வருசம் உட்டா அவ ஜெயிச்சா மாதிரி" என்றாள். யார் ஜெயிப்பது என்று எனக்கு அப்போது புரியவில்லை. துலுக்கானத்தின் பெண்டாட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பு கட்டுகிற நாள் அம்மா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வரிசையில் நின்றாள். பக்கத்தில் நான். கூட்டத்தின் ஓரத்தில் வேலுசாமி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கன்னியப்பன் பூசாரி தட்டிலிருந்து ஒவ்வொரு கயிறாக எடுத்துக் கட்டிக்கொண்டே வந்து அம்மா எதிரில் நின்றார். அம்மா கையை நீட்டினாள். துலுக்கானம் மாமா குறுக்கே வந்து பூசாரியின் தோளைத் தொட்டார்.

"இதுக்கு கெடையாது, அடுத்த ஆளுக்குப் போ. போன வருசம் வெரதத்துல மீன் துன்னத அதுவே தன் வாயால ஒத்துக்கிச்சி. இது கால் வெந்ததாலதான் எதிர்ல குழி வெட்டி நம்ம மூஞ்சில கரிய பூசுனானுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்தச் சமயம் பார்த்து வேலுசாமி அண்ணன் முன்னால் வந்தார். "பாத்தீங்களாக்கா? உங்களுக்கு இவ்ளோதான் மரியாத. வாங்க, எங்க மேடையில வந்து இத்தையே சொல்லுங்க."

ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். இரண்டு பேரும் பார்த்தது அம்மாவின் பாதத்தைத்தான். அம்மா குனிந்து அவளும் ஒரு தடவை தன் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரெண்டு பேரும் என் கால பாத்தது போதும். இப்ப என் வாய பாருங்க" என்றாள். "அண்ணாத்தே, என் கால் வெந்துச்சி. போன வருசம் மட்டும் இல்ல, எல்லா வருசமும்தான் வெந்துச்சி. நெருப்புனா சுடும். சுடாதுன்னு நான் எப்பனா சொன்னேனா? இவளுக்கு ரெண்டு வயசுல காச்சல் உட்டுச்சி, கால் வரல. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. இங்கதான், இதே எடத்துல நின்னு, உள்ள கீறாளே, அவகிட்ட சொன்னேன். எம் பொண்ண நடக்க வை, நான் வருசா வருசம் உனுக்கு தீயில நடக்கறேன்னேன். அவ செய்றாளா பாக்கலாம்னு நான் காத்துகினு கூட இல்ல. மொதல்ல நான்தான் நடந்தேன். அவ நடக்க வெச்சாளா? இதோ நிக்குது பாரு எம் பொண்ணு, இரும்ப மாட்டிகினு. அவ சொன்ன சொல்ல காப்பாத்தல. அதுக்காக நான் தவறணுமா?"

மேளக்காரர்கூட குச்சியைத் தாழ்த்திவிட்டார்.

"நான் தவற மாட்டேன். ஒவ்வொரு வருசமும் வந்து அவ எதிர்ல நடப்பேன். அங்கம்மா சொன்னத செஞ்சுட்டா, நீ இன்னாமா செஞ்சேன்னு அவள கேப்பேன். அவ பதில் சொல்ற வரிக்கும் கேப்பேன்."

"சாமியையே கேள்வி கேக்கறியா? ஊருக்கு ஆவாது!" என்று துலுக்கானம் மாமா கத்தினார்.

"ஆவலன்னா அவ வந்து எங்கிட்ட கேக்கட்டும். எனுக்கும் அவளுக்கும் நடுவுல நீ இன்னா வக்கீலா?"

வேலுசாமி அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அக்கா, அப்போ நீங்க எங்க ஆளுதான்! சாமி ஒண்ணும் செய்யலன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அவரிடம் பேசும்போது குரல் தணிந்தது. இந்த மனுஷன் என்னைத் தோளில் தூக்கியவர் என்பதை அவள் மறந்ததே இல்லை.

"தம்பி, செய்யலன்னுதான் சண்ட போட்டுகினு கீறேன். இல்லாதவகூட எவளாவது இத்தினி வருசம் சண்ட போடுவாளா? நீ நெருப்ப பத்தி சொன்னது எல்லாம் சரி. ஒரு சொல்லு தப்பில்ல. ஆனா நான் நெருப்ப பாக்கறதுக்கு அங்க போவல."

அவர் கூட்டத்தின் ஓரத்துக்கே திரும்பிப் போய் நின்றார். தோற்றுப்போனார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அளந்தது வேறு, அம்மா கேட்டது வேறு.

அம்மாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. கன்னியப்பன் பூசாரி துலுக்கானத்தைப் பார்த்தார், உள்ளே அம்மனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். தட்டை என் பக்கம் சாய்த்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஒரு கயிற்றை எடுத்து அம்மாவின் மணிக்கட்டில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். இழுத்த இழுப்பில் அவளுக்கு வலித்திருக்கும். அவள் கையை எடுக்கவில்லை.

"பொம்பள புள்ள காப்பு கட்றதா? எங்கயாவது உண்டா?" என்றார் துலுக்கானம் மாமா.

"கட்டியாச்சே மாமா. வந்து அவுருங்க பாக்கலாம்" என்றேன். பூஜை போட்டுக் கட்டிய காப்பை அவிழ்க்க எங்கள் ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். பூசாரி அதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

தீமிதி அன்றைக்குக் கூட்டம் தெரு கொள்ளவில்லை. பட்டாபிராமிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கரகம் போனது, பின்னால் ஒவ்வொருவராக ஓடினார்கள். அம்மா இறங்கினாள். நடந்தாள். நடுக்குழிக்கு வந்தபோது பெண்கள் எல்லாம் "ஓடு அங்கம்மா, ஓடிடு!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். வேலுசாமி அண்ணனும் கத்தியதைக் கேட்டேன். அவள் குனிந்து தீயைப் பார்க்கவில்லை. எதிரே அலங்காரத்தில் இருந்த அம்மன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி அடி வைத்த பிறகும் பாலில் இறங்காமல் அந்த ஓரத்திலேயே நின்று இன்னும் கொஞ்சம் பார்த்தாள். அப்புறம்தான் காலை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்குப் போனேன். ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். துலுக்கானம் மாமாவின் சம்சாரமும் இருந்தார். அவரும் தீ மிதித்தவர்தான். "பேத்தி கைய சுட்டுகிச்சி, ஒரு பர்னால் குடுங்க" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. என் முறை வந்தது. ஜேசுராஜ் அண்ணன் வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. நானே தெருவுக்கே கேட்கச் சொன்னேன்: "அண்ணே, ஒரு பர்னால். பெரிய டியூபு. எங்கம்மா தீ மிதிச்சாங்க, கால் வெந்துபூச்சி."

எனக்குப் பின்னாலிருந்த ஒரு பெண், "எனுக்கும் காலுக்குத்தான்" என்றாள் மெல்ல.

அம்மா குழாயடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நடக்கறேன்னு சொன்னே, சரி. ஓடினாலும் கணக்குல சேருமில்ல? ஏம்மா இப்டி மெதுவா நடந்து வேவுற?"

அவள் என் காலைப் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தேன். ஒல்லியாக, வளைந்து, அவள் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நீ நடந்திருந்தா நானும் எல்லாரு மாதிரி ஓடிட்டு வந்திருப்பேன்டி" என்றாள். "அவ செய்யல. ஓடினா அவ என்ன சரியா பாக்க மாட்டா. நின்னு பாக்கட்டும்."

எனக்குக் கண் மறைத்தது. எங்கே தடவுகிறேன் என்று தெரியாமல் தடவினேன்.

"மெல்ல தடவுடி" என்றாள் அம்மா. "எரியுது."